உறுதிச் சொல்லும் வன்சொல்லும்

தன் கருத்தையும் உரிமையையும் தெளிவாக எடுத்துரைத்து, எதிரில் நிற்பவரின் மானத்தையும் காப்பது உறுதிச் சொல். எதிரில் நிற்பவரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்த முயல்வது வன்சொல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் நம்மிடையே பலர். 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, 'சொல்வன்மை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இனிமையும் வலிமையும் ஒரே நாவில் குடியிருக்கலாம் என்பது இதனால் பெறப்படும்.

நெல்லைச் சீமையின் விளிச்சொற்களையே எடுத்துக்கொள்வோம். 'அண்ணாச்சி' என்றழைத்து, எடை குறைகிறதே என்று கடைக்காரரிடம் கேட்டால் அவர் மனம் நோவதில்லை. கேட்டவரின் உரிமையும் குறைவதில்லை. 'லே' என்னும் விளி நண்பர்களிடையே அன்பின் அடையாளம். அதையே, வரப்பு வெட்டும் முதியவரை நோக்கி நிலமுடையார் வீட்டு இளைஞன் வீசுவானாயின் அது சாட்டையடி. சொல் ஒன்றே, சொல்பவரும் கேட்பவரும் நிற்கும் இடம் அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

உறுதிச் சொல்லுக்கு நம் மண்ணின் மைந்தர் ஒருவரே இலக்கணமாக விளங்கினார். திருநெல்வேலிப் பேட்டையில் 1896-ல் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப், அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில், தனிச் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர் வாய்மூடி அமர்ந்துவிடவுமில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் திராவிட மொழிகளே, குறிப்பாகத் தமிழே முந்தியது என எடுத்துரைத்தார். பெரும்பான்மை தம் பக்கம் இல்லாதபோதும் வாதத்தைக் கைவிடாமை உறுதிச் சொல்லின் இயல்பு.

ஆனால் பேசுவோருக்கு மட்டும் பண்பைப் போதித்தால் போதுமா? சக மாணவர் தந்த தொல்லையைப் பள்ளியில் முறையிட்ட பட்டியலின மாணவர் ஒருவர், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் காயமுற்றார். முறையாகச் சொல்லப்பட்ட குறையே அங்குக் குற்றமாகக் கருதப்பட்டது. அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர்க் குழு, சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியத் தடை வேண்டும் என்பது உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. கயிற்றை அறுத்துவிடலாம், காதில் ஏறிய செருக்கை அறுப்பது எங்ஙனம்?

மேலிருப்பவர் பேசினால் 'கண்டிப்பு' என்கிறோம். கீழிருப்பவர் அதையே பேசினால் 'திமிர்' என்கிறோம். கடைமடை விவசாயி தன் முறைத் தண்ணீரைக் கேட்டால் 'வம்புக்காரன்'. தன் திருமணம் பற்றித் தன் விருப்பத்தைச் சொல்லும் மகள் 'வாயாடி'. இப்பெயர்களுக்கு அஞ்சி மௌனம் காப்பவரைப் 'பண்பாளர்' எனப் புகழ்கிறோம். அடக்கப்பட்ட அச்சொல் உள்ளே புளித்து, ஒருநாள் வன்சொல்லாக வெடிக்கிறது.

எனவே மாணவச் செல்வங்களே, நடந்தது என்ன, அதனால் நேர்ந்த துன்பம் என்ன, நீங்கள் வேண்டுவது என்ன என்ற மூன்றையும் வசையின்றிச் சொல்லப் பழகுங்கள். ஆசிரியப் பெருமக்களே, சமுதாயப் பெரியோர்களே, வகுப்பறையிலும் ஊர்க்கூட்டத்திலும் ஜமாஅத்திலும் இளையவர் ஒருவர் எழுந்து கேட்கும்போது, அவர் குரலின் உயரத்தை அளவாதீர்கள். கேள்வியின் நியாயத்தை அளந்து பாருங்கள். கேட்கும் செவி செம்மையுற்றால், சொல்லும் நாவும் தானே செம்மையுறும்.