'முன்னாடி ரெண்டு பஃப் போதும்... இப்போ நாலு அடிச்சாலும் கேட்கல!' - வீசிங் இன்ஹேலர் போகப் போக பலன் குறைவது ஏன்?

வீசிங் வந்தால் கை முதலில் தேடுவது நீல நிற இன்ஹேலரைத்தான். இரண்டு பஃப் இழுத்தால் சில நிமிடங்களில் மூச்சு லேசாகிவிடும். ஆனால், அதையே தினமும் பலமுறை இழுப்பவர்கள் பலர் சொல்லும் புகார், "முன்ன மாதிரி கேட்கல" என்பதுதான். மருந்து டூப்ளிகேட்டா, காலாவதி ஆகிவிட்டதா என்ற சந்தேகம் வரும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. மாறியிருப்பது உடம்புக்குள் இருக்கும் செல்கள்.

இன்ஹேலர் எப்படி வேலை செய்கிறது?

இந்த இன்ஹேலர்களில் இருக்கும் சால்பூட்டமால், நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோனைப் போலவே நடந்துகொள்ளும் மருந்து. மூச்சுக்குழாய் தசை செல்களின் மேற்பரப்பில் 'பீட்டா-2' என்ற ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றை வீட்டு வாசல் காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து வந்து பெல்லை அழுத்தும். செல்லுக்குள் சிக்னல் போகும். இறுகிய தசை தளரும்.

விடாமல் அழுத்தினால் என்ன ஆகும்?

யாராவது நாள் முழுக்க பெல் அடித்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? செல்லும் அதையேதான் செய்கிறது. மூன்று கட்டங்களாக.

முதலில் வயரைப் பிடுங்குகிறது. தூண்டப்பட்ட ஏற்பியின் மீது சில நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. உடனே 'அரெஸ்டின்' என்ற புரதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெல் வாசலிலேயே இருக்கும். உள்ளே சத்தம் கேட்காது. இது நடக்க சில நிமிடங்களே போதும்.

அடுத்து பெல்லைக் கழற்றி உள்ளே வைக்கிறது. ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. தூண்டல் நின்றால் இவை மறுபடியும் மேற்பரப்புக்கு வந்துவிடும்.

தூண்டல் பல மணி நேரம், நாள்கணக்கில் தொடர்ந்தால் பல ஏற்பிகள் அழிக்கப்படுகின்றன. புதியவை உருவாவதும் குறைகிறது. இந்த இழப்பு சரியாக நாளாகும்.

இது நோய் அல்ல. அளவுக்கு மீறிய தூண்டலில் இருந்து செல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. இந்த வகை ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக அமெரிக்க விஞ்ஞானிகள் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் உள்பக்க அழற்சி, அதாவது வீக்கம். சால்பூட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர வீக்கத்தைக் குறைக்காது. மூச்சு லேசாகிவிடுவதால் 'சரியாகிடுச்சு' என்று நினைக்கிறோம். உள்ளே வீக்கம் கூடிக்கொண்டே போகும். ஒரு பக்கம் நோய் ஏறுகிறது, மறுபக்கம் மருந்தைக் கேட்கும் ஏற்பிகள் குறைகின்றன. தினமும் நான்கு முறை என ஓரிரு வாரங்கள் இழுத்தாலே மருந்தின் பலன் குறையத் தொடங்கலாம்.

அதனால்தான் 2019-ல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த வகை இன்ஹேலரை மட்டுமே சிகிச்சையாகத் தரக்கூடாது என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான 'ஜினா' பரிந்துரையை மாற்றியது.

எவ்வளவு இழுத்தால் அதிகம்?

ஒரு இன்ஹேலரில் பொதுவாக 200 பஃப் இருக்கும். வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் காலியானால், தீவிரத் தாக்குதல் வரும் அபாயம் கூடுகிறது. கணக்குப் பார்த்தால் இது நாளுக்கு 2 பஃப் கூட இல்லை! வருடத்துக்கு 12 என்றால் உயிரிழக்கும் அபாயமும் கூடுகிறது.

தீர்வு என்ன?

'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டே பலர் ஒதுக்கும் தடுப்பு இன்ஹேலர்தான் இதற்கு மாற்று. அது வீக்கத்தைக் குறைக்கிறது. அதோடு, பீட்டா-2 ஏற்பிகளை செல் அதிகமாக உருவாக்கவும் தூண்டுகிறது. அதாவது, கழற்றி எறிந்த பெல்லுக்குப் பதில் புது பெல் மாட்டுகிறது. ஆனால், இழுத்த உடனே பலன் தெரியாது. டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்க வேண்டும்.

அதற்காக நீல இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மூச்சுத் திணறும் நேரத்தில் உயிர் காப்பது அதுதான். இழுத்தும் கேட்கவில்லை, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் இன்ஹேலரை வாங்கி எத்தனை நாள் ஆச்சு என்று பாருங்கள். அது நாலு மாதம் கூட தாங்கவில்லை என்றால், அடுத்ததை வாங்க மெடிக்கல் ஷாப் போவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.