பாய்லர் மீது பழி, குழாய்க்குள் சேறு

பிரிட்டனில் அக்டோபர் முடிந்து குளிர் இறங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரே நாடகம். ஆறு மாதம் தூங்கிக் கிடந்த ஹீட்டிங்கைப் போடுகிறார்கள். பாய்லர் உறுமிக்கொண்டு எரிகிறது, இரண்டு நிமிடத்தில் அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது. ரேடியேட்டர்களைத் தொட்டால் ஐஸ். ஆளைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர் பாய்லரின் மூடியைக் கழற்றிப் பத்து நிமிடம் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "ரொம்பப் பழசுங்க. இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். புதுசா மாத்திடுங்க." இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் ஒரு எஸ்டிமேட். வீட்டில் கைக்குழந்தையோ வயதான அம்மாவோ இருந்தால் யார் பேரம் பேசுவார்கள்? கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த அறிகுறியோடு மாற்றப்படும் பாய்லர்களில் பலவற்றுக்கு ஒரு நோயும் இல்லை என்பதுதான்.

ஃபேன் காற்றிலேயே ஆயுளைக் கழித்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அங்கே பெரும்பாலான வீடுகளில் சமையலறை மூலையில் ஒரு கேஸ் பாய்லர் இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் போய், சூட்டை விட்டுவிட்டு, இன்னொரு குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்பும். அதே தண்ணீர்தான், வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் வெந்நீர் வேறு, அது இதோடு கலப்பதில்லை. ஆக இந்த அமைப்பில் வேலைகள் இரண்டு. ஒன்று சூடாக்குவது, இன்னொன்று சுற்ற வைப்பது. முதல் வேலை மட்டும்தான் பாய்லருடையது.

இப்போது மேலே சொன்ன அறிகுறிக்கு வருவோம். பாய்லரிலிருந்து வெளியே போகும் குழாய் கை வைக்க முடியாத சூடு. திரும்பி வரும் குழாய் ஜில்லென்று இருக்கிறது. பாய்லர் சீக்கிரமே அணைந்துவிடுகிறது. இதற்கு என்ன அர்த்தம்? நெருப்பு எரிகிறது, தண்ணீர் சூடாகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் நகரவில்லை. நகராத தண்ணீர் ஒரே இடத்தில் கொதிநிலையை நெருங்குவதால், ஆபத்து வராமலிருக்கப் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. தன் வேலையையும் செய்து, பாதுகாப்பு வேலையையும் செய்த ஒரே பாகம் அதுதான். சாட்சி சொல்ல வந்தவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிய கதையாக, அதற்கே மரண தண்டனை!

காம்பி பாய்லர் வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் எளிதாகவே உண்மை தெரிந்துவிடும். (காம்பி என்றால் ஹீட்டிங்கையும் குழாய் வெந்நீரையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும்.) சமையலறைக் குழாயைத் திறந்தால் நல்ல சூடாக, இடைவிடாமல் வெந்நீர் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான காம்பியில் குழாய் வெந்நீருக்கும் அதே நெருப்பு, அதே பம்ப்தான். ஆகவே நெருப்பும் நன்றாக இருக்கிறது, பம்பும் சுற்றுகிறது. மிச்சம் இருப்பது தண்ணீரைத் திசை திருப்பும் டைவர்ட்டர் வால்வு, அல்லது அதற்கு அப்பால் உள்ள குழாய்களும் ரேடியேட்டர்களும். ஒரு குழாயைத் திறந்து மூடியதில் பாதி வழக்கு முடிந்துவிட்டது. எத்தனை பேர் வீட்டுக்குள் நுழைந்ததும் இந்தக் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள்?

வெந்நீர் சிலிண்டர் தனியாக இருக்கும் பழைய வீடுகளில் மோட்டார் வால்வு ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்த வால்வின் தலையில் உள்ள சின்ன மோட்டார் போய்விட்டால் தண்ணீருக்கு வழியே கிடைக்காது. பல மாடல்களில் தலையை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம், குழாயில் கை வைக்கவே வேண்டாம். பம்ப் கோடை முழுக்க ஓடாமல் கிடந்து இறுகிப் போயிருக்கலாம். பழைய பம்புகளில் நடுவே பெரிய திருகு ஒன்று இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைக் கழற்றி, உள்ளே தெரியும் அச்சை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்பிவிட்டால் பல பம்புகள் உயிர்பெற்றுவிடும். ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் வால்வுக்குள் உள்ள ஊசியும் இதே போலக் கோடையில் ஒட்டிக்கொள்ளும். மாடி ரேடியேட்டர்கள் மட்டும் ஜில்லென்று இருந்தால் அழுத்தம் குறைந்திருக்கும், அல்லது பரணில் உள்ள தொட்டி காலியாகியிருக்கும். மூடிய அமைப்பு என்றால் தண்ணீர் ஆறியிருக்கும்போது முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே காட்ட வேண்டும். பூஜ்யத்தில் முள் நிற்கும்போது பாய்லரைத் திட்டி என்ன பயன்?

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். உண்மையான வில்லன் சேறு.

ரேடியேட்டர்கள் இரும்புத் தகடு. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் இரும்பைத் தின்னும். அமைப்பு இறுக்கமாக மூடியிருந்தால் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்ததும் துருப்பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் எங்கோ கசிவு இருந்து, வாரா வாரம் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தால் ஆக்சிஜனுக்கும் வாரா வாரம் புதுவரவுதான். இப்படி உண்டாகும் துரு நமக்குப் பழக்கமான செந்துரு அல்ல, மாக்னடைட் என்கிற கன்னங்கரிய பொடி. மை போலத் தண்ணீரில் மிதந்து, பிறகு ரேடியேட்டரின் அடியில் படியும், குறுகலான குழாய்களை அடைக்கும், பம்பின் வயிற்றில் போய் உட்காரும். ரேடியேட்டர் மேலே ஜில்லென்று, கீழே சூடாக இருந்தால் காற்று. மேலே சூடாக, கீழே நடுவில் ஜில்லென்று இருந்தால் சேறு. இந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு உள்ளங்கை மட்டும்.

மாக்னடைட்டுக்கு ஒரு குணம், காந்தத்தால் ஈர்க்கப்படும். செம்புக் குழாயோ ஈர்க்கப்படாது. ஆகவே ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு குழாய் நெடுகத் தடவிக்கொண்டே போனால், எந்த இடத்தில் 'டக்'கென்று ஒட்டுகிறதோ அங்கே உள்ளே சேறு அடைத்திருக்கிறது. பரண் தொட்டி வைத்த அமைப்புகளில், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் பம்புக்கு அருகே வந்து சேரும் மூட்டுதான் அடைப்புக்குப் பேர் போன இடம். அந்த ஒரு அடி குழாயை வெட்டி எடுத்துப் புதிது வைத்ததும் வீடு முழுக்கச் சூடு பரவுவது உண்டு. காந்தத்தின் விலை சில பவுண்டு. பாய்லரின் விலை மேலேயே சொல்லியாயிற்று :-)

இன்னொரு துப்பும் உண்டு. ரேடியேட்டரில் அடிக்கடி 'காற்று' சேருகிறது, வாரா வாரம் சாவி போட்டு வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று பலர் சலித்துக்கொள்வார்கள். அது காற்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரும்பு அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் உண்டாகும், அது மேலே போய்ச் சேரும். (தீக்குச்சி கொளுத்திச் சோதித்துப் பார்க்கும் வீரர்கள் தயவுசெய்து அந்த ஆசையை விட்டுவிடவும்.)

இந்தச் சேற்றோடு புதுப் பாய்லரை மாட்டினால் என்ன ஆகும்? புதுப் பாய்லர்களின் உள்வழிகள் பழையவற்றைவிடக் குறுகலானவை. பத்துப் பதினைந்து வருடச் சேறு அங்கே போய் அடைக்கும். பல தயாரிப்பாளர்களின் வாரண்டி, குழாய்களைக் கழுவித் துருத்தடுப்பு மருந்து ஊற்றியிருந்தால்தான் செல்லும். ஆக, கழுவாமல் மாட்டியவர் விற்றது ஒரு பாய்லரும், அதோடு இலவச இணைப்பாக ஒரு செல்லாத வாரண்டியும். மருந்து என்பது இருபது பவுண்டுக்குச் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் ஒரு பாட்டில். அதை ஊற்றாததால் வந்த வினைக்கு இரண்டாயிரம் பவுண்டு வைத்தியம், அந்த வைத்தியத்திலும் மருந்து இல்லை!

சரி, ஏன் இப்படி நடக்கிறது? எல்லா மெக்கானிக்கும் திருடர்கள் என்று சொன்னால் அது அபாண்டம். வணிகவியல் படிப்பவர்களுக்கு ஜார்ஜ் அகர்லாஃப் பெயர் தெரிந்திருக்கும். பழைய கார் சந்தையை வைத்து அவர் 1970-இல் எழுதிய கட்டுரைதான் 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது நல்ல சரக்குச் சந்தையை விட்டே ஓடிவிடும் என்பது அதன் சாரம். ஹீட்டிங் ரிப்பேர் அதைவிட மோசம். இங்கே நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆள். வேலை முடிந்த பிறகும், அது தேவைப்பட்ட வேலைதானா என்று வாடிக்கையாளருக்குத் தெரியவே போவதில்லை. புதுப் பாய்லர் போட்டதும் வீடு சூடாகிவிட்டது, ஆகவே பழைய பாய்லர்தான் கெட்டிருந்தது என்று நம்பிவிடுகிறார். கூடவே பம்பும் புதிதாக வந்ததை யார் நினைக்கிறார்கள்?

மெக்கானிக் தரப்பு நியாயமும் உண்டு. ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுப் பார்த்து, வால்வைச் சோதித்து, குழாயைத் தடவிக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். அந்த மணிக்குக் கூலி கேட்டால் "ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு?" என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். யோசிப்பதற்குக் காசு தராதவனுக்குப் பெட்டியைத்தான் விற்க முடியும். முள் இறங்க இறங்கத் தண்ணீரை ஏற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்காத வீட்டுக்காரருக்கும் இந்தச் சேற்றில் பங்கு உண்டு. பாய்லரின் வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டிருந்தால், உதிரி பாகமே கிடைக்காமல் போயிருந்தால், மாற்றத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை.

ஆனால் சட்டமும் தரமும் எங்கே கண் வைத்திருக்கின்றன என்று பாருங்கள். கேஸ் வேலை செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும், 2009 ஏப்ரலில் கார்கி பதிவேட்டுக்குப் பதிலாக வந்தது அது. நல்ல ஏற்பாடு, உயிர் காக்கும் ஏற்பாடு. வீட்டுக்காரர்கள் யாரும் பாய்லரின் உறையைத் தாங்களே திறக்கக் கூடாது. ஆனால் அந்த அட்டை நெருப்புக்கு மட்டும்தான் சாட்சி. தண்ணீருக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. பிஎஸ் 7593 என்ற தர நூலின் 2019 பதிப்பு வடிகட்டி வைக்கச் சொல்கிறது, ஆண்டுதோறும் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறது. வருடாந்திர சர்வீஸ் என்று வருகிறவர்களில் எத்தனை பேர் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து அது கறுப்பா வெளுப்பா என்று பார்க்கிறார்கள்? புகையை அளந்து, ஒரு டிக் போட்டு, போய்விடுகிறார்கள்.

2010 டிசம்பர் குளிரை மறந்தவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். அது வேறு கோளாறு, ஆனால் பாடம் இதுதான். 2005-க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயமான கண்டென்சிங் பாய்லர்களில், கழிவு நீர் வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் உறைந்து, ஏராளமான பாய்லர்கள் நின்றுபோயின. மருந்து, அந்தக் குழாயின் மேல் ஊற்றிய வெதுவெதுப்பான தண்ணீர்.

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு, முக்கியமாகப் படிக்கப் போன மாணவர்களுக்கு, இன்னொரு தொல்லை. "பாய்லர் மாத்தணும், பணம் வரட்டும், பொறுங்க" என்று வீட்டுக்காரர் வாரக்கணக்கில் இழுப்பார். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, வழக்கமான குறுகிய கால வாடகைகளில் ஹீட்டிங்கைச் சீராக வைத்திருப்பது அவர் கடமை. பாய்லர் மாற்றும் வரை காத்திருக்கும் கடமை வாடகைக்காரருக்கு இல்லை. பம்பும் வால்வும் சேறும் பார்த்தாயிற்றா என்று எழுத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சொந்த வீட்டுக்காரரும் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் இதையே கேட்கட்டும். திரும்பி வரும் குழாய் சூடாகிறதா? பம்ப் சுற்றுவதை எப்படி உறுதி செய்தீர்கள்? தண்ணீர் என்ன நிறம்? மூன்றுக்கும் பதில் வரவில்லையென்றால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். இரண்டு இரவுக்கு ஒரு மின்சார ஹீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, காந்தத்தோடு வருகிற ஆளைத் தேடலாம்.