சந்தா யார் கட்டுவது?

"நம் குறையை நம் ஏட்டிலேயே எழுதலாமா? பிறர் சிரிக்க மாட்டார்களா?" என்று புதுப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மைக் கேட்டார். இக்கேள்வியை எதிர்கொண்ட சமுதாயம் நம்முடையது மட்டுமன்று.

அவர் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் போனால் தாம்பரத்தைக் கடக்க வேண்டும். அங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரியில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கிறிஸ்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சியே இல்லையென வாதிக்கும் நூலை அதற்கென எழுதியிருந்தார் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் க்ரேமர். (சதுரங்கப்பட்டினக் கோட்டையின் அண்டையில் வாழ்வோருக்கு டச்சுக்காரர் புதியவரல்லர்!) அவ்வாண்டிலேயே செஞ்சையா, சக்கரை முதலிய கிறிஸ்தவ அறிஞர்கள் சென்னையில் ஒரு நூலை வெளியிட்டனர். மேனாட்டுத் திருச்சபை அமைப்பை இந்தியா அப்படியே சுமக்க வேண்டுமா என்று அதில் கேட்டனர்.

இத்துணிவு ஓரிரவில் முளைத்ததன்று. 1890-இல் சென்னையில் தோன்றிய 'கிறிஸ்டியன் பேட்ரியட்' என்னும் ஆங்கில வார ஏட்டை மிஷன்கள் நடத்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களே நடத்தினர். மிஷனரிகளின் மேலாதிக்கத்தை அது வெளிப்படையாகக் கண்டித்தது. சக்கரையும் ஒரு காலத்தில் அதன் ஆசிரியராயிருந்தார். மிஷன் பணத்தில் நடந்திருந்தால் அக்கண்டனம் அச்சேறியிருக்குமா?

நம்மிடையே பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' நடத்தினார். ஜும்ஆ குத்பா மக்களுக்கு விளங்கும் தமிழில் வேண்டும் என்றார். பட்ட வசவு கொஞ்சமன்று. அன்று வைதவர்களின் பேரர்கள் இன்று பல பள்ளிகளில் தமிழ்ப் பிரசங்கத்தை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைய சமுதாய ஏடுகளைப் புரட்டுங்கள். அட்டையில் புரவலர் படம். உள்ளே திருமண வாழ்த்து, கடைத் திறப்பு, பெருநாள் விளம்பரம். கைக்கூலி கைமாறிய நிக்காஹுக்கு முழுப்பக்க வாழ்த்து அச்சிட்ட ஏடு, அடுத்த மாதம் கைக்கூலியைக் கண்டித்து எந்த முகத்தோடு எழுதும்? புரவலரே முத்தவல்லியாகவும் இருந்துவிட்டால் பள்ளிவாசல் கணக்கைக் கேட்கும் கட்டுரை எங்கே வெளிவரும்? ஆசிரியர்களைக் கோழைகள் என்பது எளிது. காகிதக் கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆயிரம் வாசகர்கள் சந்தா கட்டினால் ஒரு புரவலரின் முகச்சுளிப்புக்கு எந்த ஆசிரியரும் அஞ்ச வேண்டியதில்லை.

பெரியவரிடம், "தாங்கள் சந்தா கட்டியிருக்கிறீர்களா?" என்று நாம் கேட்டோம். பள்ளிவாசலுக்கு வரும் இலவசப் பிரதியைத்தான் படிக்கிறாராம்.