மூலப்படி இருக்கிறதா?

அடையாறுக்குச் சுவடி காக்கும் மரபு ஒன்று உண்டு. ஆல்காட் 1886இல் தொடங்கிய அடையாறு நூலகம் பிரம்மஞான சபையைச் சார்ந்தது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943இல் தோன்றிய உ.வே.சாமிநாதையர் நூலகம் அருகே பெசன்ட் நகரில் உள்ளது. அப்பணியின் சிறு பங்கை இன்று இலக்கிய ஆர்வலர்கள், பழைய நூல்களை ஸ்கேன் செய்து, தம் வீட்டுக் கணினியிலேயே ஆற்றுகின்றனர். 'பாதியில் மென்பொருள் நின்றுவிட்டது', 'கோப்பு போய்விட்டது' என்பவை அவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள். மீட்பு மென்பொருளைத் தேடுவதைவிட வேலை செய்யும் ஒழுங்கைத் திருத்திக்கொள்வதே இதற்குத் தீர்வு என்பது என் கருத்து.

முதலில் நினைவகம். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், திறந்த நிலையில் அது ஏறத்தாழ 100 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதன் நகலை மேலடுக்காக வைத்தால் இரு மடங்கு. நினைவகம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் வன்தட்டின் வெற்றிடத்தைத் தற்காலிகமாக எடுத்தாள்கிறது. அங்கும் இடமில்லையெனில் வேலை நின்றுபோகும். இருபது பக்கங்களை ஒருசேரத் திறக்காமல் ஒவ்வொன்றாகத் திருத்துவதும், வன்தட்டில் போதிய இடம் விட்டுவைப்பதும் இவ்விடரைப் பெரிதும் குறைக்கும்.

அடுத்தது மீட்பு. ஃபோட்டோஷாப் 2012ஆம் ஆண்டின் சிஎஸ்6 பதிப்பிலிருந்து மீட்புப் பிரதியைத் தானே சேமித்துவருகிறது. கிம்ப் 2018ஆம் ஆண்டின் 2.10 பதிப்பிலிருந்து, செயலிழக்கும் தருணத்தில் படத்தைக் காப்பாற்ற முயல்கிறது; மின்சாரம் நின்று கணினி அணைந்தால் அந்த அவகாசம் அதற்கு இல்லை. தவறுதலாக அழித்த கோப்பையும், அதே தட்டில் வேறெதையும் எழுதாதிருந்தால், ஃபோட்டோரெக் போன்ற கருவிகளால் மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

இவை எதனாலும் மீட்க இயலாத இழப்பு ஒன்று உண்டு. திருத்திய படத்தை மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிடுவதுதான் அது. எந்த எச்சரிக்கையும் எழாது. கோப்பும் ஒழுங்காகத் திறக்கும். ஆனால் பழுப்பேறிய தாளின் கறைகளை நீக்கும் வசதி, கறைக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் வேறுபாடு அறியாது. 'பல்' என்பது 'பல' ஆகும். 'சில்' என்பது 'சில' ஆகும். ஓலையில் புள்ளியிடாது எழுதியதால் அன்றைய பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. அச்சில் தெளிவாக இருந்த புள்ளியை அழித்து அதே இடரை நாமே வருவித்துக்கொள்ளலாமா?

உ.வே.சா. ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். பாடத்தைத் திருத்தியபோதும் ஏடுகளைக் காத்தார். அதனால்தான் அவர் கொண்ட பாடத்தை இன்றும் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நமக்கும் அதுவே வழி. ஸ்கேன் செய்த படத்தை இழப்பில்லாத டிஃப் வடிவில் வைத்து, அதைத் தொடாமல், நகலில் மட்டுமே திருத்த வேண்டும். மூலத்தின் மற்றொரு பிரதி வேறொரு தட்டில், இயன்றால் வேறொரு வீட்டில், இருக்க வேண்டும். ஜேபெக் படிப்பதற்கும் அனுப்புவதற்கும் போதும். திறந்து திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் தரம் குறையும்.

ஸ்கேன் செய்தாயிற்று என்று தாள் நூலைப் பழைய புத்தகக் கடைக்குப் போடும் பழக்கம் பெருகிவரும் காலம் இது. அதற்கு முன் மூலப்படியைத் திறந்து ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்துவிடுவது நல்லது. இன்னொரு பிரதி எங்கும் இல்லாத நூலாக அது இருக்கக்கூடும்.