உத்தரவு வரவில்லை

யுத்தகளத்துக்குப் போகாமலே யுத்தம் நடத்துவதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. மேஜைமீது தேசப் படத்தை விரித்து, எந்தப் பட்டாளம் எந்த ஊருக்கு எத்தனாம் நாள் போய்ச் சேரவேண்டும் என்று பென்ஸிலால் குறித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. ஜெர்மானிய ஜெனரல் பிரெடரிக் பவுலஸ் அந்த ரகத்தைச் சேர்ந்தவர். ருஷ்யாவின்மீது படையெடுக்கும் திட்டத்தை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். 1940-ம் வருஷக் கடைசியில் அவர் முன்னின்று நடத்திய காகித யுத்தத்திலேயே, துருப்புகள் உள்ளே போகப் போக உணவும் பெட்ரோலும் போய்ச் சேருவது துர்லபம் என்று தெரியவந்தது. தெரிந்தென்ன? படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, 1941 ஜூன் 22-ந் தேதி படையெடுத்தார்கள்.

1942 ஜனவரியில் ஆறாவது சைன்யத்தின் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டியது. அதற்குமுன் ஒரு டிவிஷனைக்கூட அவர் களத்தில் நடத்தியவரல்லர். வோல்கா நதிக்கரையிலுள்ள ஸ்டாலின்கிராட் நகரம் பெரும்பாலும் அவர் கைக்கு வந்துவிட்ட தருணத்தில், நவம்பர் 19-ந் தேதி ருஷ்யர்கள் திரும்பித் தாக்கினார்கள். ஐந்தே நாளில் இரண்டரை லக்ஷம் பேருக்குமேல் வளையத்துக்குள் அகப்பட்டுக்கொண்டனர்.

"அங்கேயே இருக்கவும்" என்றார் ஹிட்லர். வேண்டியதையெல்லாம் ஆகாய மார்க்கமாக அனுப்புவதாக வாக்களித்தார் கோரிங். தினம் முந்நூறு டன்னாவது தேவை. சராசரியில் அதில் பாதிகூட வரவில்லை. குதிரைகளைக் கொன்று தின்னலானார்கள். டிஸம்பரில் மான்ஸ்டைன் அனுப்பிய மீட்புப் படை ஐம்பது கிலோமீட்டர் தூரம்வரை நெருங்கி வந்தது. வளையத்தை உடைத்துக்கொண்டு வெளியேற உத்தரவு வருமென்று பவுலஸ் காத்திருந்தார். வரவில்லை. தாமாகப் புறப்படவும் அவருக்குத் துணிவு வரவில்லை.

பெட்ரோல் போதாது, புறப்பட்டிருந்தாலும் வழியில் மடிந்திருப்பார்கள் என்று அவருக்காக வாதிப்பவர்கள் உளர். இருக்கலாம். ஆனால், ஜனவரி 8-ந் தேதி ருஷ்யர்கள் சரணடையச் சொன்னபோது மறுத்தாரே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? பட்டினியாலும் பனியாலும் அதன் பின்னர் மாண்டவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்கள் அழையாமல் வந்தவர்கள்தாம். அந்நகரத்து ஜனங்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும், ஒரு மனிதர் தயங்கியதற்காகச் சிப்பாய் சாகவேண்டுமா?

ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் அவரை பீல்டு மார்ஷலாக உயர்த்தினார். அந்தப் பதவியிலிருந்த ஜெர்மானியர் எவரும் உயிரோடு பிடிபட்டதில்லை என்பது ஹிட்லரின் கணக்கு. தற்கொலை செய்துகொள்ளும்படி இவ்வளவு மரியாதையாக வேறு யாருக்கும் சொல்லியனுப்பியிருக்க மாட்டார்கள்! வாழ்நாளெல்லாம் கீழ்ப்படிந்த பவுலஸ் இந்த ஒன்றுக்கு மட்டும் கீழ்ப்படியவில்லை. மறுநாள் ஒரு பெரிய கடையின் நிலவறையில் பிடிபட்டார்.

1944-ல் சிறையிலிருந்தபடியே ஹிட்லருக்கு விரோதமாகப் பேசத் தொடங்கினார். 1946-ல் நூரெம்பர்க் விசாரணையில், தாம் வகுத்த அதே படையெடுப்பைப்பற்றிச் சாக்ஷி சொன்னார். அவருடைய மனைவி அவரை மறுபடி காணாமலே 1949-ல் காலமானாள். 1953-ல் அவர் விடுதலையானார். ஸ்டாலின்கிராடில் கைதானவர்கள் சுமார் 91,000 பேர். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரத்துக்கு மேலிரார். கடைசியாக வந்தவர்கள் 1955-ல், தங்கள் தளபதி வீடு சேர்ந்து இரண்டு வருஷங்கள் கழித்து, வந்து சேர்ந்தார்கள்.