ஆனந்தரங்கப் பிள்ளை எப்போது 'ஏ.ஆர்.' ஆனார்?

என் பேத்தி முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறாள். ஆங்கிலத்தில்தான், லிக்ஸ் என்ற மென்பொருளில். போன வாரம் கடைசியில் வரும் நூற்பட்டியலை அச்செடுத்து, "தாத்தா, பிழை இருக்கான்னு பாருங்க" என்று நீட்டினாள். ஆயுசெல்லாம் கோப்பு பார்த்த கண் அல்லவா, ஒரு வரியில் நின்றுவிட்டது: "பிள்ளை, ஏ. ஆர்."

யாரம்மா இவர் என்றேன். "ஆனந்தரங்கப் பிள்ளை தாத்தா!"

துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய மனிதர். அவர் பெயர் நம் ஊர்ப் பெண்ணின் ஆய்விலேயே இரண்டு எழுத்தாகிவிட்டது. கேட்டால், "சாஃப்ட்வேர் அப்படித்தான் போடும்" என்கிறாள்.

இந்தப் பதிலை மட்டும் நான் ஏற்கமாட்டேன். "ரூல் அப்படிங்க" என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ரூலை எழுதியவனும் ஒரு மனிதன்தான்.

திறந்து காட்டு என்றேன். ஆவண அமைப்புகளில் நூற்பட்டியல் என்று ஒரு பக்கம். அங்கே பிப்லாடெக் என்ற மேற்கோள் தொகுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கீழே விருப்பங்களுக்கு ஒரு சின்னக் கட்டம். அதில் சீனியர் ஒருவரிடம் வாங்கி ஒட்டிய ஒரு வரி. 'கிவன்இனிட்ஸ்=ட்ரூ' என்பது அதில் ஒன்று. முதற்பெயர்களை எல்லாம் தலைப்பெழுத்தாக வெட்டு என்று பொருளாம். ஆய்வேடு முழுக்க வெட்டிவிட்டது. அந்த வரிக்கு அர்த்தம் என்ன என்று அவளும் கேட்கவில்லை, கொடுத்தவரும் சொல்லவில்லை.

அது பாதிக் குற்றம். மீதிப் பாதி, கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று அந்த நிரல் வைத்திருக்கும் எண்ணம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? 'பிள்ளை' சாதிப் பட்டம். அதை முன்னால் தூக்கி வைத்துவிட்டு, அவர் சொந்தப் பெயரைச் சுருக்கினால் எஞ்சுவது சாதி மட்டும்தான்.

எனக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுப் பள்ளியில் 'நோம்', 'ப்ரெனோம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். அப்பா பெயர் என் குடும்பப் பெயராகி, வாத்தியார் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். 1881 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களும் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று சர்க்கார் செய்ததை இன்று ஒரு கட்டம் செய்கிறது.

"எல்லாப் பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா தாத்தா?" என்றாள். வேண்டும்தான். ஆனால் பட்டியல் எதற்கு? தேடுகிறவன் கண்டுபிடிக்க. நம்மில் யார் இவரைப் 'பிள்ளை' என்று தேடுவார்?

வழி சுலபம். அந்த ஒரு விருப்பத்தை நீக்கினாள். நூல் விவரக் கோப்பில் அவர் பெயரை இரட்டை வளைவு அடைப்புக்குள் வைத்தாள். அப்படி வைத்தால் நிரல் பெயரைப் பிரிக்காமல் முழுதாக எடுத்துக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை.

இப்போது அவர் 'ஏ' வரிசையில் முழுப்பெயரோடு இருக்கிறார். உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் ஆய்வேடு எழுதினால், அந்தக் கட்டத்தில் யார் எழுதிய வரி இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.