பாதியில் பறிக்கப்படும் பேச்சு

பேச்சுக் கருவியில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பேசுகிறவரிடம், "புரிஞ்சிடுச்சு, விடுங்க" என்று பாதியிலேயே முடித்துவைப்பதைப் பலரும் உதவி என்று நம்புகிறார்கள். அது உதவியே அல்ல, அடுத்தவர் வாயை அடைப்பது.

பேச்சு மெதுவாக வந்தால் புத்தியும் மெதுவாகத்தான் ஓடும் என்ற எண்ணமே இதற்கு வேர். அது தவறு என்பதற்கு இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கே சான்று. அவர் 1985-இல் நிமோனியா கண்டு, மூச்சுக்குழாயில் துளையிட்ட அறுவை சிகிச்சையால் குரலை இழந்தார். பிறகு கைவிசையை அழுத்திக் கணினி வழியே நிமிடத்துக்கு 15 சொற்கள் வரை பேசினார். 1988-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூல் அப்படித்தான் எழுதி முடிக்கப்பட்டது. கையும் ஓய்ந்தபின் கன்னத் தசையின் அசைவே விசையானது. கடைசிக் காலத்தில் நிமிடத்துக்கு ஓரிரு சொல் வருவதே பெரும்பாடு. அதற்காக அவர் அறிவை யாராவது சந்தேகித்தார்களா? அரங்கம் நிறைந்த கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அந்தப் பொறுமை கருவியில் பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

சென்னையின் வித்யாசாகர் அமைப்பில் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளோடு பழகி உருவான, படங்களைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' செயலி இன்று தமிழிலும் பேசுகிறது. அதில் ஒரு சிறுமி 'சாப்பாடு' படத்தைத் தொட்டு, அடுத்த பக்கம் போய், விரல் நடுங்கித் தவறான படத்தில் பட்டு, அதை அழித்துவிட்டு மறுபடி தேடுகிறாள். அதற்குள் மாமா, "இட்லியா? தோசையா?" என்கிறார். அவள் சொல்ல வந்தது "நேத்து சாப்பாடு பிடிக்கல" என்பதாக இருக்கலாம். இனி அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் தொடங்குவதில்லை. இன்னும் கொடுமை, அவளை முன்னால் வைத்துக்கொண்டே அம்மாவிடம், "பாப்பாவுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய மாற்று வழிகளையும் தகவல்தொடர்பு என்றே வரையறுக்கிறது. சட்டம் பேச்சென்று ஏற்றதை நாம் விளையாட்டுப் பொருளாகப் பார்க்கிறோம்.

கேள்வியைக் கருவியில் பேசுகிறவரிடமே கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். திரையை எட்டிப் பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் சிரிக்காமல், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள்.